கைபடக் கற்கும் மருத்துவம்

மணிக்கட்டில் ஓடும் நாடியைப் பற்றி மருத்துவ நூல்கள் பல பக்கங்கள் பேசுகின்றன. நாடி துடிப்பதன் காரணத்தையும், ஒரு நிமிடத்தில் அது எத்தனை முறை துடிக்கும் என்னும் கணக்கையும், காய்ச்சலில் அது விரைந்து ஓடுவதையும் நூல்களில் படித்து மனப்பாடம் செய்துவிடலாம். ஆயினும், நோயாளி ஒருவரின் கையை முதன்முதலாகப் பற்றும் மாணவனுக்கு நாடி இருக்கும் இடமே எளிதில் அகப்படுவதில்லை. அகப்பட்டாலும், தான் உணரும் துடிப்பு நோயாளியின் நாடியா, தன் விரல் நுனியின் துடிப்பா என்னும் ஐயம் எழுகின்றது. பத்துப் பேரின் கையைப் பற்றிய பின் இடம் தெரிகின்றது. நூறு பேரின் கையைப் பற்றிய பின்னரே துடிப்பின் வேறுபாடு தெரிகின்றது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழி மருத்துவக் கல்விக்கு முற்றிலும் பொருந்துவதாகும்.

இதனால்தான் மருத்துவம், செவிலியம், மருந்தாக்கம், இயன்முறை மருத்துவம் முதலிய உடல்நலக் கல்விகள் எல்லாவற்றிலும் வகுப்பறைப் பாடத்தோடு கைபடச் செய்து பழகும் பாடமும் சேர்க்கப்பெற்றுள்ளது. இப்பாடம் இருவகைப்படும். ஒன்று பயிற்சி, மற்றொன்று ஆராய்ச்சி. முன்னோர் கண்டறிந்த ஒன்றைத் தன் கை தேறும் வரையில் தானே செய்து பழகுவது பயிற்சி. எவரும் இன்னும் அறியாத ஒன்றைத் தேடிக் காண முயல்வது ஆராய்ச்சி. இவ்விரண்டும் வெவ்வேறு போலத் தோன்றினும், இரண்டிற்கும் அடிப்படையான பண்பு ஒன்றே. உள்ளதை உள்ளவாறு காணுதலும், கண்டதைக் கண்டவாறு எழுதுதலுமே அப்பண்பு. அது மாணவப் பருவத்திலேயே கைவரப்பெற வேண்டும் என்பதற்கு மருத்துவ வரலாறு பல சான்றுகளை வழங்குகின்றது.

ஐரோப்பிய நாடுகளில் நெடுங்காலம் மருத்துவக் கல்வி என்பது பெரும்பாலும் பழைய நூல்களை வாசித்துப் பொருள் கூறுவதாகவே இருந்தது. நோயாளியைத் தொட்டுப் பாராமலே பட்டம் பெற்றோரும் அக்காலத்தில் உண்டு. இந்நிலையை மாற்ற முயன்றோருள் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில் வாழ்ந்த ஹெர்மன் பூர்ஹாவே என்னும் பேராசிரியர் குறிப்பிடத்தக்கவர். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பன்னிரண்டே படுக்கைகள் கொண்ட சிறிய மருத்துவமனை ஒன்றிற்கு அவர் தம் மாணவர்களை அழைத்துச் சென்றார். நோயாளியின் அருகில் நின்றே பாடம் நடத்தினார். ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் அவரை நாடி வந்தனர். பன்னிரண்டு படுக்கைகள் ஒரு பெரிய நூல் நிலையத்தின் பயனை அவர்களுக்கு அளித்தன.

அமெரிக்காவில் இம்முறை வேரூன்றுவதற்குப் பெருந்துணை புரிந்தவர் வில்லியம் ஆஸ்லர் ஆவார். பால்டிமோர் நகரில் 1893-ஆம் ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி தொடங்கப்பெற்றபோது, அவர் அங்கு மருத்துவப் பேராசிரியராக விளங்கினார். மாணவர்கள் தொலைவில் நின்று வேடிக்கை பார்ப்பது போதாது என்று அவர் கருதினார். ஒவ்வொரு மாணவனிடமும் சில நோயாளிகள் ஒப்படைக்கப்பெற்றனர். நோயின் வரலாற்றைக் கேட்டு எழுதுதல், குருதியையும் சிறுநீரையும் சோதித்தல், நாள்தோறும் நேரும் மாற்றங்களைக் குறித்தல் ஆகியவை அம்மாணவனின் கடமைகள் ஆயின. பேராசிரியர் படுக்கைதோறும் சென்று அவன் கண்டதைக் கேட்பார். தவறிருந்தால் அங்கேயே திருத்துவார். மருத்துவ மாணவர்களை நோயாளிகளின் அறைகளிலேயே வைத்துக் கற்பித்தார் என்பதைத் தவிரத் தம் கல்லறையில் வேறொன்றும் எழுத வேண்டுவதில்லை என்று கூறும் அளவிற்கு, ஆஸ்லர் அப்பணியைப் பெரிதாக மதித்தார்.

பயில்பவனின் கை, நோயாளியின் உடலைத் தொடும் கை. ஆதலின், அது நன்மை செய்வதற்கு முன் தீமை செய்யாதிருக்கக் கற்க வேண்டும். இவ்வுண்மையை உலகம் பெருவிலை கொடுத்தே கற்றது. ஆஸ்திரிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவின் பொது மருத்துவமனையில் 1840-களில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பயின்றனர். இரண்டும் ஒரே மருத்துவமனையைச் சேர்ந்தவை. எனினும், 1841 முதல் 1846 வரையிலான ஆறு ஆண்டுகளில், முதற்பிரிவில் சேர்ந்த தாய்மாருள் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேரும், இரண்டாம் பிரிவில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரும் இறந்தனர். முதற்பிரிவில் இறந்தோருள் பெரும்பாலோரை மகப்பேற்றுக் காய்ச்சல் பலிகொண்டது. தம்மை முதற்பிரிவில் சேர்க்க வேண்டா என்று பெண்கள் கண்ணீர் விட்டு மன்றாடினர்.

அப்பிரிவில் துணை மருத்துவராக இருந்த இக்னாஸ் செம்மல்வைஸ் இதன் காரணத்தை அறிய முற்பட்டார். இட நெருக்கடி, காற்று, உணவு என ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். அவற்றில் இவ்வளவு வேற்றுமைக்குப் போதிய காரணம் அகப்படவில்லை. 1847-ஆம் ஆண்டில் அவருடைய நண்பரான மருத்துவர் ஒருவர், பிணச் சோதனையின்போது மாணவன் ஒருவனின் கத்தி விரலில் பட்டதனால் நோயுற்று இறந்தார். அவர் உடலில் காணப்பட்ட குறிகள் மகப்பேற்றுக் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் உடலில் காணப்பட்ட குறிகளை ஒத்திருந்தன. செம்மல்வைஸுக்கு உண்மை விளங்கிற்று. மாணவர்கள் காலையில் பிணங்களை அறுத்துப் பயின்றனர். பின்னர் அதே கைகளோடு தாய்மாரைச் சோதித்தனர். மருத்துவச்சிகளோ பிண அறைக்குச் செல்வதில்லை. நோயைத் தீர்க்கக் கற்க வந்த கைகளே அறியாமல் நோயைச் சுமந்து சென்றன!

குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகளைக் கழுவிய பின்னரே தாய்மாரைத் தொட வேண்டும் என்று அவர் அவ்வாண்டு மே மாதத்தில் விதி செய்தார். ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த இறப்பு, ஜூன் மாதத்தில் நூற்றுக்கு இரண்டு என்னும் அளவிற்குக் குறைந்தது. நோய்க்குக் கிருமிகள் காரணம் என்பது நிலைநாட்டப்பெறாத காலம் அது. ஆதலின், மருத்துவருள் பலர் அவர் கூற்றை ஏற்க மறுத்தனர். தம் கைகளே சாவைக் கொண்டு சென்றன என்று ஒப்புக்கொள்ள எவர் மனந்தான் எளிதில் இடந்தரும்? இன்று மருத்துவமனைக்குப் பயிலச் செல்லும் மாணவன் எவனாயினும், முதன்முதலில் கற்பது கை கழுவும் முறையையே ஆகும். அப்பாடத்தின் பின்னே பெயர் அறியப்படாத ஆயிரக்கணக்கான தாய்மாரின் சாவு இருக்கின்றது.

இனி, ஆராய்ச்சியைக் காண்போம். ஆராய்ச்சி என்பது நரைத்த தலையினர்க்கே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். மருத்துவ வரலாற்றின் முதன்மையான சில கண்டுபிடிப்புகளில் மாணவர்களின் கைகள் பங்கு கொண்டன என்பதை அவர்கள் அறியார். ஜெர்மனியின் பெர்லின் நகரில் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் மாணவர், புகழ்பெற்ற பேராசிரியர் ருடால்ப் விர்ச்சோவின் ஆய்வுக்கூடத்தில் பயின்று வந்தார். பட்டம் பெறுவதற்கு எழுத வேண்டிய ஆய்வுரைக்காக, அவர் கணையத்தை எடுத்துக்கொண்டார். கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் அமைந்துள்ள உறுப்பு. உணவைச் செரிக்கச் செய்யும் நீரைச் சுரப்பது. முயலின் கணையத்தை நுண்ணிய துண்டுகளாக்கி அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து நோக்கினார். செரிமான நீரைச் சுரக்கும் உயிரணுக்களுக்கு இடையே, அவற்றினின்றும் வேறுபட்ட சிறிய உயிரணுக்கள் கூட்டங் கூட்டமாக இருப்பதைக் கண்டார். பரந்த கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளைப் போல அவை காணப்பட்டன.

1869-ஆம் ஆண்டில், தம் 21-ஆம் வயதில், லாங்கர்ஹான்ஸ் அந்த ஆய்வுரையை வழங்கினார். அவ்வுயிரணுக்களின் வடிவையும் அளவையும் இருப்பிடத்தையும் அதில் தெளிவாக எழுதினார். அவற்றின் தொழில் யாதென்பது தமக்குத் தெரியவில்லை என்பதையும் மறையாது கூறினார். தெரிந்தது போலக் காட்டிக்கொள்ள ஏதேனும் ஒரு விளக்கத்தைப் புனைந்துரைக்க அவர் முயலவில்லை. இருபது ஆண்டுகள் கழிந்தன. 1889-ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் என்னும் இருவர், நாய் ஒன்றின் கணையத்தை நீக்கினால் அதற்கு நீரிழிவு நோய் உண்டாவதைக் கண்டனர். 1893-ஆம் ஆண்டில் லாகெஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர், அந்த உயிரணுக் கூட்டங்களுக்கு ‘லாங்கர்ஹான்ஸ் தீவுகள்’ என்று பெயர் சூட்டினார். அப்பெயரைக் கேட்க லாங்கர்ஹான்ஸ் உயிரோடு இல்லை. அவர் 1888-ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். நீரிழிவைத் தடுக்கும் பொருள் அத்தீவுகளில்தான் சுரக்கின்றது என்னும் எண்ணம் மெல்ல மெல்ல வலுப்பெற்றது.

எதிர்பார்த்தது நிகழாதபோது என்ன செய்வது என்பதும் ஆராய்ச்சியில் கற்க வேண்டிய பாடமே. 1916-ஆம் ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் ஜே மக்லீன் என்பவர் இரண்டாம் ஆண்டு மாணவராக இருந்தார். அவருடைய பேராசிரியராகிய வில்லியம் ஹவல், குருதி உறைவதைப் பற்றி ஆராய்ந்து வந்தவர். மூளையிலிருந்து எடுக்கப்பெறும் ஒரு பொருள் குருதியை விரைவில் உறையச் செய்கின்றது. அப்பொருளை ஆராயும் பணியை அவர் மக்லீனிடம் ஒப்படைத்தார். மக்லீன் மூளையோடு நில்லாமல், இதயத்திலிருந்தும் ஈரலிலிருந்தும் அத்தகைய சாறுகளை எடுத்தார். எடுத்தவற்றைச் சேமித்து வைத்து, நாட்கள் சென்றபின் மீண்டும் சோதித்தார். ஈரலிலிருந்து எடுத்த சாறு, தன் உறைவிக்கும் ஆற்றலை நாளடைவில் இழந்ததோடன்றி, குருதியை உறையவிடாமல் தடுக்கவும் தொடங்கிற்று!

இது தேடியதற்கு நேர்மாறானது. வேறொருவராயின், சாறு கெட்டுவிட்டது என்று கருதி அதைக் கொட்டியிருக்கக் கூடும். மக்லீன் மீண்டும் மீண்டும் சோதித்துத் தம் ஐயத்தை நீக்கிக்கொண்டார். பின்னர்ப் பேராசிரியரிடம் சென்றார். அவர் எளிதில் நம்பவில்லை. மக்லீன் ஒரு கண்ணாடிக் குவளையில் பூனையின் குருதியை எடுத்து, அதில் அந்தச் சாற்றைக் கலந்து, பேராசிரியரின் மேசைமீது வைத்தார். அது உறையும்போது தமக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொண்டார். அக்குருதி உறையவே இல்லை. ஹவலும் எம்மட் ஹோல்ட் என்னும் மற்றொரு மாணவரும் இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தனர். ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று ‘ஹெப்பாரின்’ என்னும் பெயர் 1918-ஆம் ஆண்டில் பிறந்தது. பலருடைய உழைப்பினால் தூய்மை செய்யப்பெற்ற ஹெப்பாரின், இதய அறுவையிலும் சிறுநீரக நோயாளிகளின் குருதியைச் சுத்தம் செய்வதிலும் இன்று இன்றியமையாத மருந்தாக விளங்குகின்றது.

லாங்கர்ஹான்ஸ் கண்ட தீவுகளின் கதை, அரை நூற்றாண்டுக்குப் பின் மற்றோர் இளைஞரின் கையில் நிறைவு பெற்றது. நீரிழிவு நோய் அக்காலத்தில் கொடியதாக இருந்தது. குழந்தைகளை அது பற்றினால், உணவை மிகவும் குறைத்துச் சாவைச் சிறிது தள்ளிப்போட முடிந்ததே அன்றி, தடுக்க முடியவில்லை. 1920-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கனடா நாட்டு மருத்துவர் பிரெடரிக் பான்டிங் என்பவர்க்கு ஓர் எண்ணம் தோன்றியது. கணையத்தின் குழாயைக் கட்டிவிட்டால் செரிமான நீரைச் சுரக்கும் பகுதி நலிந்துபோகும். தீவுகள் மட்டும் எஞ்சும். அவற்றிலிருந்து நீரிழிவைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுக்கலாம் என்று அவர் கருதினார். டொரான்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மாக்ளவுட் அவருக்கு ஆய்வுக்கூடத்தில் இடமளித்தார். துணைக்கு இரு மாணவர்களையும் குறிப்பிட்டார். அவ்விருவருள் யார் முதலில் செல்வது என்பதை நாணயத்தைச் சுண்டிப் பார்த்து முடிவு செய்தனர் என்பர். முதலில் சென்றவர் சார்லஸ் பெஸ்ட். அவருக்கு அப்போது வயது 22. பட்டப்படிப்பின் இறுதித் தேர்வை அப்பொழுதுதான் முடித்திருந்தார்.

1921-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள் பணி தொடங்கியது. அறுவை செய்வது பான்டிங்கின் வேலை. குருதியிலும் சிறுநீரிலும் உள்ள சர்க்கரையை அளப்பது பெஸ்டின் வேலை. கோடை வெப்பம் மிகுந்தது. முதலில் செய்த அறுவைகளில் பல தோல்வியுற்றன, நாய்கள் இறந்தன. ஒருமுறை பெஸ்டின் அளவைகள் செம்மையாக இல்லை என்று பான்டிங் சினந்தார். கரைசல்கள் யாவற்றையும் கொட்டிவிட்டு, கண்ணாடிக் கலங்களை நன்கு கழுவி, மீண்டும் புதிதாகச் செய்யுமாறு கூறினார். பெஸ்ட் இரவு முழுவதும் விழித்திருந்து அவ்வாறே செய்து முடித்தார் என்று பான்டிங் பிற்காலத்தில் எழுதி வைத்துள்ளார். அழுக்குக் கலத்தில் செய்த அளவை பொய்யளவை. பொய்யளவையின்மீது கட்டிய முடிவு நோயாளியின் உயிருக்கே உலை வைக்கும். அவ்விரவு பெஸ்ட் கற்ற பாடம் எந்த வகுப்பறையிலும் கிடைத்திராது.

ஜூலை மாதம் 30-ஆம் நாள், நீரிழிவுற்ற நாய் ஒன்றிற்கு அவர்கள் கணையச் சாற்றைச் செலுத்தினர். ஒரு மணி நேரத்தில் அதன் குருதியில் இருந்த சர்க்கரை 0.20 விழுக்காட்டிலிருந்து 0.12 விழுக்காட்டிற்கு இறங்கியது. அந்நாய் பிழைக்கவில்லை எனினும், அவ்விரண்டு எண்கள் வழியைக் காட்டின. டிசம்பர் மாதத்தில் ஜேம்ஸ் காலிப் என்னும் உயிர்வேதியியல் அறிஞர் அவர்களோடு சேர்ந்தார். 1922-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 11-ஆம் நாள், டொரான்டோ பொது மருத்துவமனையில் சாகும் நிலையில் இருந்த 14 வயதுச் சிறுவன் லியோனார்டு தாம்சனுக்கு, பான்டிங்கும் பெஸ்டும் செய்த சாறு செலுத்தப்பெற்றது. அது போதிய தூய்மையுடையதாக இல்லை. எதிர்பார்த்த பயனும் கிட்டவில்லை. காலிப் இரவு பகலாக உழைத்து அதைத் தூய்மை செய்தார். ஜனவரி 23-ஆம் நாள் அத்தூய சாறு செலுத்தப்பெற்றதும், சிறுவனின் குருதிச் சர்க்கரை விரைவாக இறங்கியது. அவன் உடல் தேறத் தொடங்கினான். அம்மருந்தே இன்சுலின்.

1923-ஆம் ஆண்டு நோபல் பரிசு பான்டிங்குக்கும் மாக்ளவுட்டுக்கும் வழங்கப்பெற்றது. பெஸ்டின் பெயர் அதில் இல்லை. பான்டிங் தம் பங்குப் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்கு அளித்தார்; மாக்ளவுட் தம் பங்கில் பாதியைக் காலிப்புக்கு அளித்தார். மருந்தின் உரிமையை அவர்கள் தமக்கென வைத்துக்கொள்ளாமல், ஒரு டாலர் வீதம் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்திற்கே கொடுத்துவிட்டனர். பெஸ்ட் பின்னர் மருத்துவப் பட்டம் பெற்று, 1929-ஆம் ஆண்டில் அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். மாணவர் மக்லீன் கண்ட ஹெப்பாரினைத் தூய்மை செய்து நோயாளிகளுக்குப் பயன்படச் செய்வதிலும் அவர் பின்னாளில் ஈடுபட்டார் என்பது மகிழத்தக்க ஒற்றுமையாகும்.

இம்மூவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. அவர்கள் எவரும் தனித்து நின்று வெற்றி காணவில்லை. வினாவைத் தரவும், கருவிகளை வழங்கவும், தவற்றைச் சுட்டவும் ஒவ்வொருவருக்கும் மூத்தோர் ஒருவர் இருந்தார். ஆர்வம் மாணவனிடமிருந்து வருகின்றது. நெறி ஆசிரியரிடமிருந்து வருகின்றது. இன்று அந்நெறி விதிகளாகவே வகுக்கப்பெற்றுள்ளது. மனிதரைப் பற்றிய ஆராய்ச்சி எதுவாயினும், அறநெறிக் குழு ஒன்று அதை ஆய்ந்து இசைவளிக்க வேண்டும். ஆராய்ச்சியில் பங்கு கொள்வோர்க்கு அதன் நோக்கத்தையும் தீங்குகளையும் விளக்கிக் கூறி, அவர்தம் ஒப்புதலைப் பெற வேண்டும். விலங்குகளைப் பயன்படுத்துவதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. ஊசி போடுதல் போன்ற பயிற்சிகளை முதலில் பொம்மை உடல்களின்மீது பழகிய பின்னரே நோயாளியிடம் செய்யும் வழக்கமும் பரவியுள்ளது.

இந்தியாவிலும் இவ்விரு துறைகளிலும் மாணவர்க்கு வாய்ப்புகள் அமைந்துள்ளன. மருத்துவப் பட்டம் பெற விரும்பும் மாணவர், நாலரை ஆண்டுப் படிப்பை முடித்த பின் ஓராண்டுக் காலம் மருத்துவமனையின் பல பிரிவுகளிலும் சுழன்று பயிற்சி பெறுதல் கட்டாயமாகும். செவிலியர் கல்வி பயில்வோரும் தம் படிப்புக் காலத்தில் நெடுநேரத்தை நோயாளிகளின் அருகிலேயே கழிக்கின்றனர். 1979-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பட்டப்படிப்பு மாணவர்கள் ஆசிரியர் ஒருவரின் கீழ் இரண்டு மாத காலம் ஆராய்ச்சி செய்வதற்கு உதவித்தொகைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2021-22-ஆம் கல்வியாண்டில் சேர்ந்த மாணவர் முதலாக, சிற்றூர்க் குடும்பங்கள் சிலவற்றை ஏற்று, படிப்புக் காலத்தில் அவர்களுடைய உடல்நலத்தைக் கண்டு வரும் முறையும் மருத்துவப் பாடத்திட்டத்தில் சேர்க்கப்பெற்றது. மருத்துவமனைக்கு வந்த பின் தெரியும் நோய், வீட்டில் எவ்வாறு பிறக்கின்றது என்பதை அங்குக் காணலாம். குடிநீர், அடுப்புப் புகை, உணவுக் குறைவு ஆகிய காரணங்களை நூலில் ஒரு வரியாகப் படித்த மாணவன், அவற்றை ஒரு தாயின் முகத்தில் படிக்கின்றான்.

மருத்துவக் கல்லூரியில்தான் இப்பண்பு தொடங்க வேண்டும் என்பதில்லை. பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் வெப்பநிலையை அளக்கும் மாணவன், நூலில் உள்ள விடையோடு தன் விடை ஒத்து வராதபோது இரண்டில் ஒன்றைச் செய்கின்றான். தன் எண்ணை அழித்துவிட்டு நூலின் எண்ணை எழுதிக்கொள்கின்றான். அல்லது கலத்தைக் கழுவி, மீண்டும் அளந்து, கிடைத்த எண்ணை அவ்வாறே எழுதுகின்றான். முதற்செயல் மதிப்பெண்ணைத் தரலாம். இரண்டாம் செயலில் பழகிய கையே, பின்னொரு நாள் நோயாளியின் மணிக்கட்டைப் பற்றுவதற்குத் தகுதி பெறுகின்றது.